வினாத்தாளின் பின்பக்கம்

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், புதுச்சத்திரம் தாண்டி நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த ஒரு கல்லூரியில் நடந்தது இது. அப்போது நான் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவின் தலைமை அலுவலகத்தில் இருந்தவன். வினாத்தாள் உறையை எந்தப் பக்கம் கிழிக்க வேண்டும், விடைத்தாள் கட்டுக்கு எத்தனை முடிச்சு, தேர்வறையில் ஒருவன் மயங்கி விழுந்தால் முதலில் தண்ணீரா, படிவமா என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. படிவம்தான் முதலில். தண்ணீரைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் கிடையாது.

என்னைப் போல ஓய்வுபெற்றவர்களை அயல் கண்காணிப்பாளர் என்று அவ்வப்போது கூப்பிடுவார்கள். வேன் அனுப்பி அழைத்துப்போய், மதியம் சாப்பாடு போட்டு, மாலையில் "அனைத்தும் விதிப்படி நடைபெற்றன" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நடைபெறாவிட்டாலும் அந்த வாக்கியம் அச்சிலேயே இருக்கும். கையெழுத்து மட்டும் நம்முடையது.

அன்றைய தேர்வு எனக்கே புதுசு. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஆங்கிலம் காதில் எவ்வளவு ஏறுகிறது, கண்ணில் எவ்வளவு ஏறுகிறது என்று சோதிக்கும் தேர்வு. முதல் பகுதி கேட்டல்: மூன்று ஒலிப்பதிவுகளை ஒலிபெருக்கியில் ஒரே ஒரு தடவை போடுவார்கள். கேட்டுவிட்டு இருபது கேள்விகளுக்கு வட்டம் நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதி வாசித்தல்: பத்திகளைப் படித்து இன்னும் இருபது கேள்விகள். அறுபது பேர் எழுதினார்கள். மின்விசிறி ஓடினால் இரைச்சல் என்று அணைக்கச் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்தால் லாரி ஹாரன் என்று அடைக்கச் சொன்னேன். பத்து நிமிடத்தில் அறுபது பேரும் வேகத் தொடங்கினார்கள். எனக்கும் வியர்த்தது. ஆனால் விதிக்கு வியர்க்காது.

ஒலிப்பதிவு ஓடிய அரை மணி நேரமும் நான் சும்மா இருக்கவில்லை. மீந்த வினாத்தாள்களை எண்ணினேன். வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்தேன். நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கடைசி ஒலி நின்றதும் வரிசைகளுக்கு இடையே நடந்தேன். எல்லோரும் கேள்விகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் விட்டத்தைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் கடைசிக்கு முந்தைய பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் கடகடவென்று வட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுடைய கண் கேள்வியில் ஒரு தடவை, வினாத்தாளின் பின்பக்கத்தில் ஒரு தடவை என்று போய் வந்தது. வெற்றாக இருக்க வேண்டிய அந்தப் பின்பக்கம் முழுக்கக் கிறுக்கல். வட்டங்கள், சில வட்டங்களுக்குள் புள்ளி, மேலே போகும் அம்பு, கீழே வரும் அம்பு, நெளிகோடு, இடையிடையே தமிழ் எழுத்து, எண்.

முப்பத்திரண்டு வருட அனுபவம் எனக்குள் எழுந்து நின்றது. தாளை எடுத்தேன்.

"என்னம்மா இது?"

"கேட்டு எழுதுனதுங்க சார்."

"எங்கே கேட்டது?"

"இங்கதானுங்க. இப்பத்தானுங்க."

"முதல் பக்கத்தில் நாலாவது அறிவுரையைப் படி."

அது ஆங்கிலத்தில் இருந்தது. விரலை வைத்து, தட்டுத் தடுமாறிப் படித்தாள். பதிவு எண் தவிர வேறு எதையும் வினாத்தாளில் எழுதக் கூடாது என்பது அதன் சாரம். படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள். "எழுதாம எப்படிங்க சார் எல்லாத்தையும் ஞாபகம் வெக்கறது?"

அதை நான் ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த நாலாவது அறிவுரை நான் எழுதியது. பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்வில் வினாத்தாளில் விடையை எழுதிப் பின்பெஞ்சுக்குக் கைமாற்றினார்கள் என்று சொல்லி, ஒரு மத்தியானம் உட்கார்ந்து நான் வரைந்த வாக்கியம் அது. அதற்குப் பிறகு வந்த எல்லாத் தேர்வுகளுக்கும் முதல் பக்கத்தை அப்படியே நகலெடுத்துப் போட்டுவிட்டார்கள். கேட்டல் தேர்வுக்கும் அதே பக்கம்தான். என் வாக்கியம் அச்சில் இருப்பதைப் பார்த்து அன்று காலையில்கூட உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்திருந்தேன்.

முறைகேட்டுப் படிவத்தில் மாணவர் தன் வாக்குமூலத்தைத் தன் கையாலேயே எழுத வேண்டும். என் காலத்தில் அப்படி ஆயிரம் வாக்குமூலமாவது படித்திருப்பேன். எல்லாம் ஒரே அச்சு: தெரியாமல் செய்துவிட்டேன், மன்னிக்கவும், வீட்டுச் சூழ்நிலை. இந்தப் பெண் இரண்டே வரி எழுதினாள். "காதில் கேட்டதை எழுதினேன். கேட்காத எதையும் எழுதவில்லை."

"மன்னிப்புக் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடு. எல்லோரும் எழுதுவதுதான்" என்றேன், பெரிய மனசு பண்ணி.

"எதுக்குன்னு எழுதறதுங்க சார்?"

அவள் குரலில் எதிர்ப்பு இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இரண்டு வரியோடே படிவத்தை வாங்கிக்கொண்டேன். விதிப்படி அவளுக்கு வாசித்தல் பகுதியை எழுத அனுமதி உண்டு. எழுதினாள்.

மாலையில் முதல்வர் அறையில் விடைக்குறிப்பு உறையைப் பிரித்து அவளுடைய தாளோடு ஒப்பிட்டோம். கேட்டலில் இருபதுக்குப் பத்தொன்பது. வாசித்தலில் இருபதுக்கு ஒன்பது. ஆங்கிலத் துறைத் தலைவி இளவயதுக்காரர். அவர் புருவத்தைச் சுருக்கினார். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படிக்க வரும், கேட்கத்தான் வராது; இது தலைகீழாக இருக்கிறதே என்றார். அவள் காப்பியடித்தாள் என்பதில் முதல்வருக்குச் சந்தேகமே இல்லை.

"சீக்கிரம் முடிச்சரலாங்க சார். காலேஜ் பேரு வெளிய வரப்படாது, அவ்வளவுதானுங்க."

திங்கட்கிழமை விசாரணை என்று முடிவாயிற்று. நாங்கள் மூவர்தான் குழு. குற்றம் உறுதியானால் அந்தப் பருவத்தில் அவள் எழுதிய எல்லாத் தாள்களும் ரத்து, அடுத்த ஒரு வருடம் தேர்வெழுதத் தடை. அறிக்கையை அன்றே எழுதி முடித்துவிட்டேன். தேதியும் மூன்று கையெழுத்தும்தான் பாக்கி.

ஆனால் அந்தப் பின்பக்கம் என்னை விடவில்லை. மூன்று பிரதி எடுக்கலாம் என்று விதி இருக்கிறது. மூன்றாவது பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இது விடைப்பட்டியல் என்றால் இருபது குறி இருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்று. விடைகளுக்கு உரிய ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்தில் ஒன்றுகூட இல்லை. "செ 7½" என்று ஓரிடத்தில் இருந்தது. அதைச் சுற்றி ஒரு சதுரம். கீழே வட்டம், புள்ளி, மேல்நோக்கி அம்பு. வெறும் வட்டம். மறுபடி புள்ளி வைத்த வட்டம், கீழ்நோக்கி அம்பு. காபி கொண்டுவந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"யாரோ யாருக்கோ வழி சொல்லியிருக்காப்ல தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் யோசித்தால், அந்த வழக்கில் முதல் உருப்படியான கருத்து அவளுடையதுதான்.

இரவு சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஒலிப்பதிவுகளில் என்னதான் சொன்னார்கள்? அரை மணி நேரம் அதே அறையில் நின்றிருக்கிறேன். யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல் என்பதைத் தவிர ஒரு வாக்கியம்கூட நினைவில் இல்லை.

மறுநாள் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். முடிந்த தேர்வின் ஒலிப்பதிவை மறுபடி கேட்க வேண்டுமென்றால் கண்காணிப்பாளர் எழுத்தில் கேட்க வேண்டும், கண்காணிப்பாளர் எழுத்தில் அனுமதிக்க வேண்டும். இரண்டு பேரும் நானே. ஆகவே எனக்கு நானே கடிதம் எழுதி, எனக்கு நானே அனுமதி கொடுத்து, ஒலிப்பதிவைப் போடச் சொன்னேன். பிரதியை மடியில் வைத்துக்கொண்டேன்.

முதல் பதிவில் ஒரு நூலக அறிவிப்பு. செவ்வாய்க்கிழமைகளில் இனி மாலை ஏழரைக்கு மூடுவார்களாம். "செ 7½". என் விரல் அந்த இடத்தில் நின்றது. அடுத்து வந்த எண்களும் வரிசை தப்பாமல் தாளில் இருந்தன. வட்டமும் அம்பும்தான் புரியவில்லை. மூன்றாவது பதிவு வலசை போகும் பறவைகளைப் பற்றிய சிறு உரை. அதற்கு நேரே முழுக்க முழுக்க வட்டமும் அம்பும்தான்.

இப்போது நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவள் கேட்டுத்தான் எழுதியிருக்கிறாள் என்றுதானே. நான் அப்படி நினைக்கவில்லை. ஒலிப்பதிவு முன்கூட்டியே வெளியில் போயிருக்கிறது, அவள் வீட்டிலேயே கேட்டு ரகசியக் குறியில் எழுதிப் பழகி வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பணிக்காலம் முழுக்கக் காத்திருந்தும் கிடைக்காத பெரிய வழக்கு, ஓய்வுபெற்ற பிறகு மடியில் வந்து விழுந்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், திரும்பி வரும் பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

திங்கட்கிழமை அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையில் போன். நாமக்கல்லில் லாரிகளுக்கு லோடு பிடித்துத் தரும் புக்கிங் ஆபீஸ் நடத்துகிறார்களாம். கணவர் லாரியோடு லைனில், வெளிமாநிலத்துக்கு, போனால் வருவதற்குப் பத்து நாள் ஆகும். ஆபீஸில் போனைப் பார்த்துக்கொள்வது அம்மாவும் மகளும்தான். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேச்சு மட்டும் நுனியில் இல்லை.

"ஏனுங்க சார், காதுல கேக்கற பரீச்சையின்னு சொன்னாங்க. இவ கேட்டா. அதுல என்னுங்க தப்பு?"

விதியைச் சொன்னேன். தண்டனையையும் சொன்னேன். ஒரு வருடம் என்றதும் அந்த அம்மாளின் முகம் மாறியது.

"ஒரு வருசம் இவ ஊட்ல உக்காந்தா அப்பறம் காலேசுக்கு ஆருங்க அனுப்புவா? இவங்கப்பா பக்கத்துல இப்பவே மாப்பிள்ளை பாக்கறோம்னு நிக்கறாங்க. படிச்சு முடிக்கட்டும்னு நானொருத்திதானுங்க அணை போட்டு வெச்சிருக்கறேன்."

மகள் குனிந்த தலை நிமிரவில்லை. நான் பிரதியை மேசையில் வைத்து, இந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவின் போன் அடித்தது.

"போனை அணைங்கம்மா" என்றார் முதல்வர்.

"அணைச்சா வண்டி நடுரோட்டுல நின்னு போயிருமுங்க. ஒரே நிமிசமுங்க சார்." திரையைப் பார்த்துவிட்டு மகளிடம் நீட்டினார். "நாக்பூர்க்காரன். நீ கேளு கண்ணு."

அந்தப் போனில் காதில் வைத்துக் கேட்கும் பகுதி கெட்டுப்போய், ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்தது. அதனால் அறை முழுக்கக் கேட்டது. ஒரு ஆள் இந்தியும் ஆங்கிலமும் கலந்து, மூச்சுவிடாமல், ஏதோ சண்டைக்கு வந்தவன்போலப் பேசினான். அவனுக்குப் பின்னால் சுமை ஏற்றுகிறவர்களின் கூச்சல், அதற்கும் பின்னால் ஹாரன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துறைத் தலைவி கழுத்தை நீட்டிக் கவனித்தார். அந்தப் பெண் கைக்கு எட்டிய காகிதத்தை இழுத்துக் கவிழ்த்துப் போட்டு எழுதினாள். ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவன் பேசி முடித்ததும் "ஓகே பையா" என்றாள், இந்தியில் அண்ணா என்று. அவன் வைத்துவிட்டான். அவள் எழுதியது எதன் பின்பக்கத்தில் என்று அப்போதுதான் பார்த்தேன். நான் அவளுக்கு அனுப்பியிருந்த விசாரணை அறிவிப்பு.

அம்மா அந்தத் தாளை எடுத்துப் பார்த்தார். பார்த்தபடியே கடகடவென்று சொன்னார்.

"ரெண்டு வண்டில ஒண்ணு ஏத்தியாச்சு. இன்னொண்ணு காலியா நிக்குது. ஏத்துனது இன்னிக்கிச் சாயங்காலம் கெளம்புது, நாளன்னிக்குப் பத்தரைக்குச் சேலம். தார்ப்பாய் ஒண்ணு கிழிஞ்சிருக்குது. டிரைவருக்குக் காய்ச்சலு, மாத்தரை குடுத்தாச்சு. செரி, காலி வண்டிக்குத்தான் என்ன வழின்னு பாக்கோணும்."

"அவன் சொன்னது உங்களுக்கும் புரிந்ததா?" என்று கேட்டேன்.

"நானெங்க சார், ஆறாவதோட நின்னவ. எனக்கு இங்கிலீசும் தெரியாது, இந்தியும் தெரியாது. இவ எழுதறது தெரியும்."

கட்டைப்பையிலிருந்து ஒரு நீளமான நோட்டை எடுத்து விரித்தார். பக்கம் பக்கமாக அதே குறிகள். புள்ளி வைத்த வட்டம் என்றால் லோடு ஏற்றிய வண்டி. வெறும் வட்டம் காலி வண்டி. மேல் அம்பு வடக்கே போவது, கீழ் அம்பு தெற்கே வருவது. நெளிகோடு வழியில் தடங்கல். சதுரம் போட்டால் நேரம் மாறிவிட்டது என்று அர்த்தம். வட்டமும் அம்பும் அம்மா கண்டுபிடித்தவை. அதே குறியில் மற்ற மொழிகளைப் பிடித்துப் போடுவது மகள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து செய்துவரும் வேலை. லோடு தருகிற வெளியூர்க்காரர்கள் ஒரு தடவைதான் சொல்வார்களாம். திருப்பிக் கேட்டால் வைத்துவிட்டு அடுத்த ஆபீஸைக் கூப்பிட்டுவிடுவார்களாம்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேர்வுத் தாளின் பிரதியை அந்த அம்மாளிடம் நீட்டி, கடைசிப் பகுதியைக் காட்டி, "இதைப் படியுங்கள்" என்றேன்.

அவர் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"லோடோட வடக்க கெளம்புது. வழில தடங்கலு, மழையோ காத்தோ. போய்ச் சேரையில காலி." நெற்றியைச் சுருக்கினார். "அங்கியே ஆறு மாசம் நிக்குது. மறுபடி லோடேத்திக்கிட்டுத் தெக்க வருது. ஏங் கண்ணு, லோடேத்த ஆறு மாசமா? எந்தக் கம்பெனி வண்டிடி இது?"

"வண்டி இல்லம்மா" என்றாள் மகள். "குருவி."

துறைத் தலைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, புல்லரித்தது. முந்தின வெள்ளிக்கிழமை கேட்ட உரை அப்படியே என் காதில் ஓடியது. பறவைகள் கிளம்புமுன் தின்று தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும், வழியெல்லாம் அதைச் செலவழித்து இளைத்துப்போய் இறங்கும், பருவம் முடியும்போது மறுபடி தின்று கிளம்பும் என்று அந்த உரைகாரர் விளக்கியதை, இந்தப் பெண் லோடு ஏற்றிய வட்டமாகவும் காலி வட்டமாகவும் போட்டிருக்கிறாள். ஆங்கிலம் தெரியாத ஒருவர் அதைப் படித்துச் சொல்கிறார்.

முதல்வர் விடுவதாக இல்லை. குறி புரிந்தது சரி, ஆனால் ஒலிப்பதிவை அவள் முன்னாலேயே கேட்டிருக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார். நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விரும்பினேன். இப்போது என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

எந்தத் தேர்வுக்கும் அவசரத்துக்கு ஒரு மாற்றுத் தொகுப்பு முத்திரையோடு இருக்கும். அதைப் பிரிக்கத் தலைமை அலுவலக அனுமதி வேண்டும். போன் செய்தேன். எடுத்தவர் என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இப்போது என் நாற்காலியில் இருப்பவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கு ரூல்ல இடம் இருக்குங்களா சார்?" என்றார். அது என்னுடைய வாக்கியம். இருபது வருடம் அவரிடம் நான் கேட்டது.

"இல்லை" என்றேன். "கூடாது என்றும் இல்லை. என் பொறுப்பில் பிரிக்கிறேன், எழுதிக்கொள்."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "சார், உடம்பு நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று கேட்டுவிட்டு அனுமதி எண்ணைச் சொன்னார்.

முதல்வர் அறையிலேயே தேர்வு. ஜன்னலை அடைக்க எழுந்தேன். "திறந்தே இருக்கட்டுங்க சார். ஃபேனும் ஓடட்டுங்க" என்றாள் அந்தப் பெண். "சத்தம் இல்லாட்டித்தானுங்க எனக்குக் கவனம் பிசகுது." அவளுக்கு எழுத ஒரு வெள்ளைத் தாள் கொடுத்தேன். அவளுடைய அம்மா போனை எடுத்து, அணைத்து, பைக்குள் போட்டார். "வண்டி நின்னா நிக்கட்டுமுங்க" என்றார், யாரும் கேட்காமலே. இந்தத் தேர்வில் தவறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல் துறைத் தலைவியும் ஒரு வினாத்தாளை எடுத்துக்கொண்டார். என் கையும் ஒன்றை எடுத்தது.

ஒலி ஓடத் தொடங்கியது. நான் கேள்வித்தாளை முறையாகத் திறந்து, முதல் கேள்வியை நன்றாகப் படித்து, அதற்கான விடை வருகிறதா என்று காத்திருந்தேன். வந்தது. குறித்தேன். நிமிர்ந்தபோது இரண்டாவதும் மூன்றாவதும் போய்விட்டிருந்தன. நான்காவதைத் துரத்தினேன். சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது; அதோடு ஐந்தாவதும் போயிற்று. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். கை மட்டும் வெள்ளைத் தாளில் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. எதிரே அவள் அம்மா பையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளின் கையையே பார்த்தார்.

அரை மணி நேரம் கழித்து முதல்வரே திருத்தினார். அவளுக்குப் பதினெட்டு. துறைத் தலைவிக்குப் பதினேழு. எனக்குப் பன்னிரண்டு. துறைத் தலைவி என் பக்கம் சாய்ந்து, இது வெளியே போகாது இல்லையா சார் என்றார். தேர்வு ஆவணங்கள் ரகசியமானவை என்று உறுதியளித்தேன். பதினேழுக்கு அவர் ஏன் கவலைப்பட வேண்டும், பன்னிரண்டே பேசாமல் இருக்கும்போது.

"ஏன் கேள்வியை முதலில் பார்க்கவில்லை?" என்று அவளிடம் கேட்டேன். இந்தத் தடவை கண்காணிப்பாளராகக் கேட்கவில்லை.

"கேள்வியப் பாத்துட்டா அதோட பதிலத்தானுங்க தேடிட்டு இருப்போம். மத்தது காதுல ஏறாதுங்க. ஆபீஸ்ல அவங்க எதைச் சொல்லுவாங்கன்னு முன்னாலயே தெரியாதுங்களே."

"அப்புறம் வாசிப்பில் ஏன் ஒன்பது?"

இப்போதுதான் முதல் தடவையாக அவள் சிரித்தாள். "காயிதத்துல குரல் இல்லீங்களே சார். எது முக்கியம், எது சும்மா சொல்றதுன்னு எப்படிங்க கண்டுபுடிக்கறது?"

அம்மா போனை மறுபடி உயிர்ப்பித்தார். அது உடனே அடித்தது. எடுக்காமல் என்னையே பார்த்தார். "இப்ப என்ன சொல்றீங்க சாமி?"

முதல்வர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நேர்மை நிரூபணமாகிவிட்டது, இருந்தாலும் வினாத்தாளில் எழுதியது எழுதியதுதானே, நாலாவது அறிவுரை இருக்கிறதே என்று இழுத்தார். விதியைக் காப்பாற்ற இன்னொருவர் இருக்கிறார் என்பது ஒருவகையில் ஆறுதல்தான். அந்த அறிவுரை வேறு தேர்வுக்கு எழுதப்பட்டது என்றேன். இந்தத் தேர்வுக்கு அது பொருந்துமா என்று யாரும் யோசிக்காமல் பக்கத்தை நகலெடுத்துவிட்டார்கள். கேட்டதைக் குறித்துக்கொள்ளும் திறமையைச் சோதிக்க வரச்சொல்லிவிட்டு, குறித்துக்கொண்டதற்குத் தண்டிக்க முடியாது என்றேன். இதை எழுதியவர் ஒத்துக்கொள்வாரா என்றார் முதல்வர். ஒத்துக்கொண்டுவிட்டார் என்றேன்.

என் அறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். அதற்குப் படிவம் தேடினேன். கிடையாது. மாணவர் தவறினால் படிவம், அறைக் கண்காணிப்பாளர் தவறினால் படிவம், மின்சாரம் தவறினால்கூடப் படிவம் வைத்திருந்தோம். அயல் கண்காணிப்பாளர் தவறுவார் என்று முப்பத்திரண்டு வருடத்தில் யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். ஆகவே அந்தப் பெண் நிரப்பிய அதே முறைகேட்டுப் படிவத்தில் ஒன்றை எடுத்து, "மாணவர்" என்ற சொல்லை அடித்து, மேலே "கண்காணிப்பாளர்" என்று எழுதி, அடித்த இடத்தில் விதிப்படி சுருக்கொப்பம் இட்டேன். வாக்குமூலம் என்ற கட்டத்தில், ஒலிப்பதிவு ஓடிய நேரம் முழுவதும் அறையில் இருந்தும் அதைக் கவனிக்காமல், மாணவி சொன்னதையும் பொருட்படுத்தாமல் அறிக்கை எழுதினேன் என்று எழுதினேன். மன்னிக்கவும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். எதற்கு என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அவர்கள் கிளம்பும்போது அம்மா கைகூப்பினார். "போயிட்டு வாரமுங்க. நாமக்கல் பக்கம் வந்தா ஆபீசுக்கு வாங்க, டீ குடிக்கலாம்." வாசல் தாண்டுவதற்குள் மறுபடி போன் அடித்தது. காலி வண்டிக்கு வழி கிடைத்திருக்க வேண்டும். படியில் இறங்கும்போதே மகள் கையை நீட்டிக் காகிதம் கேட்டாள்.

கேட்டல் தேர்வுக்குக் குறிப்பெடுக்கத் தனித்தாள் தர வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆகவே மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டேன். பதினான்காவது கடிதத்துக்குப் பிறகு தாள் வந்தது. அதன் மேலேயும் மூன்று அறிவுரைகள் அச்சிட்டிருக்கிறார்கள். போகட்டும். தாள் வருவதற்கு முன்பே, அடுத்த பருவத்தில் துறைத் தலைவி போனில் சொன்னார்: அந்தப் பெண் இப்போது பத்திகளை வாய்விட்டுப் படித்து, ஓரத்தில் வட்டமும் அம்பும் போட்டுக்கொள்கிறாளாம். வாசிப்பில் ஒன்பது பதினான்காகிவிட்டதாம்.

அவளுடைய தாளின் பிரதி இன்னமும் என் மேசையில் இருக்கிறது. யாராவது என்னிடம் ஏதாவது சொல்ல வரும்போது, அவர்கள் வாயிலிருந்து வர வேண்டிய பதிலை மனசுக்குள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கிற என் பழைய பழக்கம் தலைதூக்கினால், கேள்வித்தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட அந்தப் பெண்ணை நினைத்துக்கொள்கிறேன்; அந்தத் தேர்வை எழுதியவர்கள் அறுபது பேர் என்று நான் கையெழுத்திட்ட பதிவேடு சொல்கிறது, ஆனால் உண்மையில் அறுபத்தொருவர், பன்னிரண்டு வாங்கிய அந்தக் கடைசி ஆள் இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான்.